சான்று யார் கையில்? மருத்துவ வல்லுநர் பட்டமும் சாதியும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், ஒட்டன்சத்திரம்)



இந்த அரங்குக்கு வரும் வழியில் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பெயரைவிட அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் நீளமாக இருக்கும்: எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ., எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. சில பலகைகளில் எம்.டி.க்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் ஒருமுறை கேட்டார்: "டி.என்.பி.ன்னா எம்.டி.க்கு மேலயா கீழயா? எந்த டாக்டர்கிட்டப் போறதுன்னு எதை வச்சுப் பாக்குறது?" அன்று எங்களிடம் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுவோம். டி.என்.பி. கீழும் இல்லை, மேலும் இல்லை. எம்.டி., எம்.எஸ். பட்டங்களை மருத்துவக் கல்லூரிகள் வழியாகப் பல்கலைக்கழகங்கள் தருகின்றன. டி.என்.பி.யைத் தேசியத் தேர்வு வாரியம் தருகிறது. வாரியம் 1975இல் தேசிய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1982இல் தனி அமைப்பானது. அதன் சிறப்பு என்னவென்றால், பயிற்சி பெற மருத்துவக் கல்லூரியே வேண்டும் என்பதில்லை. நோயாளிகளும் அனுபவமிக்க மருத்துவர்களும் உள்ள மருத்துவமனைக்கு வாரியம் அங்கீகாரம் தரும். அங்கேயே மூன்றாண்டு பயிற்சி. பிறகு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. நம் ஊரிலேயே, 1955இல் டாக்டர் ஏ.கே. தரியனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை அப்படிப்பட்ட பயிற்சி இடங்களில் ஒன்று. ஒட்டன்சத்திரம் போன்ற ஊரில் ஒரு வல்லுநர் உருவாக முடியும் என்பது சிறிய செய்தி அல்ல. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 சனவரியில்தான். அதுவரை இந்த மாவட்டத்தில் பெரிய நோய் என்றால் மதுரைக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

சந்தைத் தோழரின் கேள்வியில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருந்தது. இவர் வல்லுநர், இவர் வல்லுநர் இல்லை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு எப்படி வந்தது? இதைக் கேட்கப் பண்டிதரின் நினைவு நாளைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பண்டிதரை நாம் பௌத்தராக, இதழாளராக, வரலாற்றை மாற்றி எழுதியவராகப் பேசுகிறோம். அவர் சோறு தின்றது சித்த மருத்துவத்தில். இளம்வயதில் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வை நடக்க வைத்தது பண்டிதரின் மருந்து, இதைத் திரு.வி.க.வே எழுதியிருக்கிறார். பண்டிதருக்கு யார் சான்று கொடுத்தார்கள்? அவருடைய ஆசிரியர் கொடுத்தார். அந்த ஆசிரியரின் பெயரையே காத்தவராயன் தன் பெயராக ஏற்றுக்கொண்டார். பிறகு குணமானவர்கள் கொடுத்தார்கள். வேறு மேசை எதுவும் அவர் முன்னால் போடப்படவில்லை.

பண்டிதர் மறைந்தது 1914 மே 5. அதே 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை; ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் அந்தச் சட்டம் செய்ததைக் கவனிக்க வேண்டும். அது வைத்தியர்களைத் தடை செய்யவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மேலை மருத்துவப் படிப்பு முடித்தவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதியது. பதிவேட்டில் இருப்பவர் தரும் மருத்துவச் சான்றுதான் சட்டத்தின் முன் செல்லும், அரசு மருத்துவப் பணிக்கும் அவரே தகுதியானவர் என்றது. மற்றவர்கள் மருந்து கொடுக்கலாம். அவர்கள் சொல் செல்லாது. ஒரு மனிதனைத் தொழிலிலிருந்து விரட்டாமலேயே அவனுடைய சொல்லை மதிப்பில்லாமல் ஆக்குவது எப்படி என்று சாதிச் சமூகத்துக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. இம்முறை அதைச் செய்தது வெள்ளை அரசின் அச்சுத்தாள்.

நாட்டு மருத்துவத்துக்கு எதிர்ப்புக் குரல் எழுந்தது. முகமது உஸ்மான் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்கும் பாடம், தேர்வு, பட்டம். சுவடிக்கு இவ்வாறு ஓரிடம் கிடைத்தது. சுவடி இல்லாத கைகளுக்கு என்ன கிடைத்தது? பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகள், புண் கீறிக் கட்டுப்போட்ட நாவிதர்கள், தொப்புள்கொடி அறுப்பதைத் 'தீட்டு வேலை' என்று ஊர் தள்ளிவிட அதைச் செய்த நம் பாட்டிமார். நாவிதரைப் 'பண்டிதர்' என்று கூப்பிடும் வழக்கு தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. மருத்துவம் யார் கையில் இருந்தது என்பதற்குச் சொல் மட்டும் சாட்சியாக நிற்கிறது. 1926இல் செவிலியர், பேறுகால உதவியாளர் பதிவுக்கும் சென்னையில் சட்டம் வந்தது. பதிவுக்குப் படிப்பு வேண்டும். படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் நம் பெண்பிள்ளையை விட வேண்டும். மூன்றாவது படியில் கதை நின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். 'எங்கள் பாட்டியிடம் எல்லாம் இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்' என்ற பேச்சு கைதட்டல் வாங்கும். உண்மையில் பாதியைத்தான் சொல்லும். பேறுகாலத்தில் செத்தவர்களில் நம் பெண்களே அதிகம் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இன்றும் போலி மருத்துவரின் ஊசிக்கு முதலில் கை நீட்டுவது சேரிதான், ஏனென்றால் அவர்தான் இருபது ரூபாய்க்கும் கடனுக்கும் பார்ப்பார். சான்று வேண்டாம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை. கடுமையான தேர்வும் நம்பத்தக்க சான்றும் யாருக்காவது தேவை என்றால் அது நமக்குத்தான். எங்கள் சண்டை தேர்வோடு அல்ல, அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் யார் உட்காருகிறார்கள் என்பதோடு.

இந்த மேசை பிறந்த இடத்தையும் பார்த்துவிடுவோம். வல்லுநர்களுக்கு வாரியம் வைத்துச் சான்று தரும் ஏற்பாடு அமெரிக்காவில் உருவானது. 1916இல் கண் மருத்துவர்கள் முதல் வாரியத்தை அமைத்தார்கள். துறைக்கொரு வாரியமாகப் பெருகி 1933இல் அவற்றுக்கு ஒரு பொது அமைப்பு வந்தது. நோக்கம் நல்லது: ஆறு வாரம் எங்கோ படித்துவிட்டு 'நான் கண் வல்லுநர்' என்று பலகை மாட்டுபவர்களிடமிருந்து மக்களைக் காப்பது. ஆனால் அதற்கு முன்பே, 1910இல், மருத்துவக் கல்லூரிகளின் தரத்தைச் சோதித்து ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் ஓர் அறிக்கை தந்திருந்தார். அப்போது கறுப்பர்களுக்கென ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. தரத்தின் பெயரால் நடந்த சீர்திருத்தம் முடிந்தபோது மிஞ்சியவை ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டு மட்டும். தரம் குறைந்த வெள்ளையர் கல்லூரிகளும் மூடப்பட்டன. ஆனால் வெள்ளை மாணவனுக்குப் போக வேறு நூறு வாசல் இருந்தது.

சார்லஸ் ட்ரூவின் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தப் பிளாஸ்மாவைச் சேமித்து அனுப்பும் முறையை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர். கறுப்பர். 1941இல் அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்றைப் பெற்றார். அதே வாரியம் அவரைத் தேர்வாளராகவும் நியமித்தது, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பர் அவர். அதற்குப் பிறகும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் அவருக்கு உறுப்பினர் இடம் கிடைக்கவில்லை. சங்கத்தில் சேர உள்ளூர்க் கிளையில் உறுப்பினராக வேண்டும். வாஷிங்டன் கிளை கறுப்பரைச் சேர்க்காது. தேசிய அளவில் கேட்டால் 'எங்களுக்கு நிறபேதம் இல்லை, அது கிளையின் உரிமை' என்பார்கள். கோயில் பொதுவானது, தெரு மட்டும் ஊருக்குச் சொந்தம் என்ற வாதத்தை நாம் கேட்டதில்லையா? 2008இல்தான் அந்தச் சங்கம் கறுப்பு மருத்துவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ட்ரூ 1950லேயே இறந்துபோனார். ஆனால் ஹோவர்டில் உட்கார்ந்து அவர் செய்த வேலை இருக்கிறதே, அதுதான் நமக்கு முக்கியம்: 1941 முதல் 1950 வரை அந்த வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பு அறுவை மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றவர்கள்.

நம் நாட்டில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. எப்படி நின்றது என்று பார்ப்போம்.

மருத்துவக் கல்லூரி வாசலுக்காகத் தமிழ்நாடு போராடிய வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். வகுப்புவாரி ஆணைப்படி 14 இடங்களில் 'அரிஜன'ங்களுக்கு 2. அதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951இல் ஆணை செல்லாது என்றானது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. எம்.பி.பி.எஸ். வாசல் அப்படி மீட்கப்பட்டது. இந்தக் கதையை நாம் வெற்றிக் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நாம் எம்.பி.பி.எஸ். வாசலைக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் மருத்துவத்தின் அதிகாரம் மேல்மாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவரை இன்று மக்களே 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்கிறார்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்குள் ஐம்பதாண்டு மாற்றம் இருக்கிறது.

மேல்மாடிக்கு வந்த தீர்ப்புகளை வரிசையாகப் பாருங்கள். 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கு. அதன் விளைவாக மாநிலக் கல்லூரிகளின் இடங்களில் ஒரு பகுதி அகில இந்தியத் தொகுப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, 1986இல் அதற்குப் பொதுத்தேர்வு முறை வந்தது. முதுநிலையில் அந்தப் பங்கு பின்னர் ஐம்பது விழுக்காடானது. அந்தத் தொகுப்பில் பட்டியல் சாதி, பழங்குடிக்கு ஒதுக்கீடு வந்தது எப்போது? 2007இல். இருபது ஆண்டுகள், ஆண்டுதோறும், மாநிலங்கள் தந்த இடங்கள் இடஒதுக்கீடு இல்லாமல் நிரம்பின. பிற்படுத்தப்பட்டோருக்கு 2021 வரை இல்லை. அந்த இருபதாண்டில் உள்ளே போனவர்கள்தான் பிறகு பேராசிரியர்கள், துறைத்தலைவர்கள், தேர்வாளர்கள் ஆனார்கள். கணக்கு அவ்வளவுதான்.

1992 மண்டல் தீர்ப்பு, மருத்துவத்தின் உயர்சிறப்புப் பிரிவுகள் போன்ற சில இடங்களில் ஒதுக்கீடு உகந்ததல்ல என்று சொல்லி வைத்தது. 1999இல் ப்ரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை இறுக்கியது. உத்தரப் பிரதேசத்தில் முதுநிலைத் தேர்வுக்குப் பொதுப்பிரிவுக்கு 45 விழுக்காடும் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 20 விழுக்காடும் குறைந்தபட்ச மதிப்பெண். இவ்வளவு இடைவெளி தரத்தைக் குலைக்கும், உயர்சிறப்புப் படிப்பிலோ ஒதுக்கீட்டுக்கே இடமில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆகவே இன்று இதய மருத்துவம், நரம்பியல், சிறுநீரகம் எதிலும், டி.எம்., எம்.சிஎச். சேர்க்கையில் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு செல்லாது.

இனி 2023க்கு வாருங்கள். அந்த ஆண்டு முதுநிலை நீட் கலந்தாய்வின் இடையில், இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தகுதி மதிப்பெண்ணை ஒன்றிய அரசு பூச்சியப் பர்சன்டைலுக்குக் குறைத்தது. எல்லாப் பிரிவினருக்கும். அதாவது தேர்வு எழுதிய அத்தனை பேரும் தகுதியானவர்கள். காலி இடங்களில் யாரும் விரும்பாத அடிப்படைத் துறை இடங்களும் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கில் கட்டணம் உள்ள தனியார் இடங்களும் இருந்தன. எங்களுக்கு ஒரே சந்தேகம்தான். 20 விழுக்காடு எடுத்த தலித் மருத்துவரால் நாட்டின் மருத்துவத் தரம் குலையும் என்றால், பூச்சியத்தால் அது குலையாதா? 1999இல் தரத்துக்காகக் கவலைப்பட்டுத் தலையங்கம் எழுதியவர்களின் பேனாக்கள் 2023இல் எங்கே போயின? பணம் கேட்டால் இறங்கும் தரம், நியாயம் கேட்டால் ஏறிக்கொள்கிறது.

இந்தத் தேர்வுகளை நடத்துவதும் அதே தேசியத் தேர்வு வாரியம்தான். முதுநிலை நீட், உயர்சிறப்பு நீட், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு, எல்லாம் அதன் கையில். வாசலையும் அதுவே காக்கிறது, உள்ளே டி.என்.பி. சான்றையும் அதுவே தருகிறது. இவ்வளவு அதிகாரம் உள்ள ஓர் அமைப்பின் பெயர் நம் அரசியல் மேடைகளில் ஒலித்து நாங்கள் கேட்டதில்லை.

வாசலைத் தாண்டினால் முடிந்ததா? நுழைவுத்தேர்வு கணினியில் நடப்பது. கணினி ஊர் கேட்காது. வல்லுநர் ஆவது அப்படியல்ல. மூன்றாண்டுகள் ஒரு யூனிட்டில் மூத்தவர்களின் கீழ் இருக்க வேண்டும். செய்த அறுவைகளை ஏட்டில் எழுத வேண்டும். ஆய்வேடு முடிக்க வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். தியேட்டரில் கத்தியை யார் கையில் கொடுப்பது, யாரைக் கடைசிவரை ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பது என்பதை எந்த விதியும் தீர்மானிப்பதில்லை. ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். நூறு முறை கத்தி பிடித்தவர் தேர்வில் தைரியமாகப் பேசுவார், பத்து முறை பிடித்தவர் தடுமாறுவார். மதிப்பெண் பட்டியலில் அது 'திறமை' என்று பதிவாகும். பிறகு செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும்: நேருக்கு நேர், முகம் பார்த்து, பேச்சு கேட்டு.

தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. வாய்மொழித் தேர்வில் தங்கள் சாதியை நேராகவோ சுற்றி வளைத்தோ கேட்டார்கள், அது மதிப்பெண்ணைப் பாதித்தது என்று மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். நிறுவனம் அறிக்கையை ஏற்கவில்லை. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவர், மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவி, விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் மூவர் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டது. பாயல் எல்லா நுழைவுத்தேர்வுகளையும் தாண்டி உள்ளே போனவர் என்பதை மறக்க வேண்டாம்.

நம் வட்டாரத்துப் பெண் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதுநிலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது எங்களிடம் பேச வந்தார். பாடத்தைப் பற்றி அவருக்குப் பயமே இல்லை. "வைவாவுல எந்த ஊருன்னு கேப்பாங்களாண்ணே?" என்றார். ஒட்டன்சத்திரம் பக்கம் என்று சொன்னால் போதாதா என்றோம். "அதுக்கு அடுத்து எந்தப் பக்கம்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார். உடற்கூறும் நோய்க்கூறும் படிக்க வேண்டிய இரவுகளில் அந்தப் பெண் இந்தப் பதிலையும் தயாரித்துக்கொண்டிருந்தார். பொதுப்பிரிவில் அவருடன் போட்டியிடுபவருக்கு இந்தப் பாடம் கிடையாது.

அவரைப் போன்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலையில் தனி ஒதுக்கீடு. இதை நடுவில் விதிகளைக் காட்டி முடக்கினார்கள். தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று அரசமைப்புச் சட்ட அமர்வு மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்றது. அதைப் பிடித்துக்கொண்டு அதே ஆண்டு நவம்பரில் அரசாணை 462 வந்தது: அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் ஐம்பது விழுக்காடு அரசு மருத்துவர்களுக்கு. இது சாதி ஒதுக்கீடு அல்ல. ஆனால் சிற்றூரில் இருந்து வந்து சிற்றூரிலேயே வேலை பார்க்கும் மருத்துவருக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரே கைப்பிடி இதுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2020-21இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதல் அணி படிப்பை முடித்து வெளியே வரும் காலமும் இது. அவர்கள் அடுத்துத் தட்டப்போவது இந்த வாசலைத்தான். நாம் அவர்களுக்கு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அன்று மாலை போட்டுப் படம் எடுத்தோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் அவர்களிடம் பேசினோம்?

வாரியத் தேர்வில், குறிப்பாகச் செய்முறைப் பகுதியில், ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. ஒரே தேர்வாளரின் எதிரில் உட்கார வைப்பதற்குப் பதிலாக, பல நிலையங்களில் வரையறுத்த பணிகளைக் கொடுத்து, முன்பே எழுதி வைத்த அளவுகோலால் மதிப்பெண் போடும் முறை. எந்த ஊர் என்ற கேள்விக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. இது எல்லாத் துறைக்கும், பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கும் வர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. தரத்தைக் குறைக்கச் சொல்வதாக யாரும் குற்றம் சொல்லவும் முடியாது.

தேர்வாளர் பட்டியலில் பட்டியல் சாதி, பழங்குடி மருத்துவர்கள் எத்தனை பேர், பயிற்சிக் காலத்தில் இடையில் விட்டுப் போனவர்கள் எந்தப் பிரிவினர், செய்முறையில் மட்டும் தோற்றவர்கள் எந்தப் பிரிவினர் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தேசியத் தேர்வு வாரியத்திடமும் மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும் கேட்கும் மனுக்களைத் தயாரித்திருக்கிறோம். ஒருவர் பெயரில் போனால் ஒரு வரியில் பதில் வரும். ஊருக்கு ஊர், பலர் பெயரில் போக வேண்டும். படிவங்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குப் போகும் மனுவில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்ட வேண்டும்; ஒன்றிய அமைப்பான தேர்வு வாரியத்துக்குப் போகும் மனுவுக்கு வில்லை செல்லாது, பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை இணைக்க வேண்டும். வில்லையும் அங்கேயே வாங்கி வைத்திருக்கிறோம்.